ஏகாதசி அன்று வராதீர்கள்!

குறைந்த செலவில் குடும்பச் சுற்றுலா – 9: திருச்சி, ஸ்ரீரங்கம்

"அண்ணா, பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறும் சேர்ந்து வருது. வைகுண்ட ஏகாதசிக்கே வந்துடறோம்" என்று 2024 டிசம்பரில் கோவையிலிருந்து தங்கை போன் செய்தாள். அவள், மாப்பிள்ளை, மாமியார், மகன், மகள் என்று ஐந்து பேர். என் வீடு திருச்சியிலேயே இருந்தாலும், ஸ்ரீரங்கத்துக்குள் இரண்டு ராத்திரி தங்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் வெகுநாள் ஆசை.

ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் போய்க் கேட்டேன். சாதாரண நாளில் 900 ரூபாய் வாடகை வாங்கும் அறைக்கு 3,500 கேட்டார்கள். மூன்று நாளைக்கும் சேர்த்து முன்பணம் வேறு. "ஏகாதசி சார்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். அந்த ஒரு சொல்லே ரசீது.

வெளியே வந்து தங்கையைக் கூப்பிட்டேன். "வேண்டாம்மா. பொங்கலை வீட்டுல முடிச்சிட்டு 16-ம் தேதி கிளம்பி வாங்க. திருவிழா அப்பவும் இருக்கும்."

"சொர்க்கவாசல்?"

"அதுவும் இருக்கும்."

அவள் நம்பவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. டிவியில் காட்டுவது அந்த ஒரு விடியற்காலையை மட்டும்தான். ஆனால் ஸ்ரீரங்கத்தில் இது இருபது நாளுக்கு மேல் நடக்கிற விழா. ஏகாதசிக்கு முன்னால் பகல் பத்து, ஏகாதசியிலிருந்து இராப்பத்து. சொர்க்கவாசல் எனப்படும் பரமபத வாசல் ஏகாதசியன்று திறப்பதோடு முடிந்துவிடாது. இராப்பத்தின் மற்ற பெரும்பாலான நாட்களிலும் உற்சவர் நம்பெருமாள் அதன் வழியாகத்தான் ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போகிறார். அவர் பின்னால் நாமும் போகலாம். முதல் நாள் மணிக்கணக்கில் நின்று, நெருக்கியடித்துக் கடக்கிற அதே வாசலை ஐந்தாம் நாளோ ஒன்பதாம் நாளோ குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கடக்கலாம்.

ஏகாதசி ஆண்டுதோறும் இடம் மாறும். 2025-ல் ஜனவரி 10, டிசம்பர் 30 என்று ஒரே ஆண்டில் இரண்டு முறை வந்தது. அதனால் இராப்பத்து சில ஆண்டு அரையாண்டு விடுமுறையோடு ஒட்டிக்கொள்ளும், சில ஆண்டு பொங்கல் விடுமுறையோடு. முதலில் பஞ்சாங்கம், பிறகு லீவு, அதற்குப் பிறகு டிக்கெட் என்பதுதான் வரிசை. நம்மில் பலர் டிக்கெட்டில் ஆரம்பிக்கிறோம்.

தங்குவதற்குக் கோயிலுக்கே ஒரு யாத்ரி நிவாஸ் உண்டு. 2014-ல் திறந்தது, கொள்ளிடக் கரைப் பக்கம் பஞ்சக்கரை சாலையில் இருக்கிறது. சன்னதித் தெரு விடுதிகளைப்போல வாசலில் இறங்கினால் கோபுரம் என்று சொல்ல முடியாது, ஆனால் குடும்பத்தோடு தங்க நல்ல இடம். எங்களுக்கு அங்கே ஓர் அறை கிடைத்தது.

16-ம் தேதி ஜன்சதாப்தியில் பதினொரு மணிக்குள் வந்து இறங்கினார்கள். ஜங்ஷனிலிருந்து 1-ம் நம்பர் டவுன் பஸ். 2021 மே முதல் அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை; எங்கள் கூட்டத்தில் மூன்று பேர் பெண்கள். ஒரு எச்சரிக்கை: திருச்சியில் தனியார் டவுன் பஸ்களும் நிறைய ஓடுகின்றன. அவற்றில் ஒலிக்கும் பாட்டைக் கேட்டுக்கொண்டே ஏறிவிட்டால் எல்லோருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். வெளியூர் பஸ்ஸில் வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து அந்த பஸ்கள் மதுரைச் சாலையில் பஞ்சப்பூருக்குப் போகின்றன. அங்கிருந்து ஸ்ரீரங்கம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். ஆட்டோ பிடித்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே கரைந்துவிடும். சென்னைப் பக்கமிருந்து வருகிறவர்கள் நம்பர் ஒன் டோல்கேட்டில் வண்டி நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டு அங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

அன்று மதியம் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். காணும் பொங்கல் என்பதையே மறந்து எல்லோரையும் முக்கொம்புக்குக் கூட்டிப் போனேன். ஊரே அங்கேதான் இருந்தது. பூங்காவையும் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. திரும்பி வர பஸ்ஸில் ஏறியதுதான் சாதனை.

மறுநாள் காலை மலைக்கோட்டை. மாமியார் அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் சன்னதியில் உட்கார்ந்துகொள்ள, நாங்கள் நானூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறினோம். உச்சியில் காற்று சட்டையைப் பிடுங்கியது. ஒரு பக்கம் லூர்து மாதா தேவாலயத்தின் கூர்க்கோபுரம்; காவிரிக்கு அந்தப் பக்கம் தென்னைகளுக்கு மேலே 236 அடி ராஜகோபுரம். பகல் பன்னிரண்டுக்குத் திருவானைக்காவல். உச்சிகாலத்தில் அர்ச்சகர் புடவை உடுத்தி, அகிலாண்டேஸ்வரி சன்னதியிலிருந்து சுவாமி சன்னதிக்குப் பூஜை செய்யப் போவதைப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.

உண்மையில் நான் அவர்களை வரவழைத்தது அன்றைய மாலைக்காகத்தான். 2025 ஜனவரி 17, இராப்பத்து எட்டாம் நாள், வேடுபறி. மணல்வெளியில் தங்கக் குதிரையில் நம்பெருமாள். ஸ்ரீபாதம் தாங்கிகள் தோளில் குதிரையோடு முன்னே பாய்கிறார்கள், சட்டென்று பின்வாங்குகிறார்கள், மறுபடி பாய்கிறார்கள். மரத் தண்டு தோளில் அழுந்திய இடம் சிவந்திருப்பது தெரிகிற அளவுக்குப் பக்கத்தில் நின்றோம். அப்புறம் திருமங்கை மன்னன் வந்து பெருமாளையே வழிமறித்துக் கொள்ளையடிக்கிறார்.

"மாமா, திருடனை ஏன் எல்லாரும் கும்பிடறாங்க?" என்றான் மருமகன்.

நான் யோசிப்பதற்குள் பாட்டி சொன்னார்: "நீ நிக்கிற இந்தச் சுற்றைக் கட்டினதே அவர்தான்டா. அவர் பேர்லதான் இது ஆலிநாடன் திருவீதி." ஐதீகம் அப்படித்தான். பையன் கீழே குனிந்து தரையைப் பார்த்தான்.

18-ம் தேதி காலை கல்லணை, மாலையில் சொர்க்கவாசல், இரவு பஸ்ஸில் கோவை. கோயிலில் 2012-லிருந்து நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. இரண்டு வேளை அங்கே சாப்பிட்டோம். மற்ற வேளைகளுக்கு ஓட்டல். கடைசியில் மாப்பிள்ளை நோட்டில் கூட்டிப் பார்த்தார். மூன்று நாளும் தங்கிச் சாப்பிட்டு ஊர் சுற்றிய செலவு, அந்த லாட்ஜ் ஏகாதசிக்குக் கேட்ட வாடகைக்குக் கீழேதான் நின்றது.

விழா தேதிகள் முன்கூட்டியே பத்திரிகைகளில் வந்துவிடும். ஏகாதசியை ஒன்று என்று வைத்து எட்டாம் நாள் எது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகக் காலை 8 மணிக்குத் திறக்கிறது. 7:55-க்கே உட்கார்ந்துவிடுங்கள்.

(பயணம் தொடரும்)