கடல் ஏறினால் ஆறு எங்கே போகும்?

2017 நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் பெய்த பேய்மழையைப் பினாங்கு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏழு பேரின் உயிரைப் பறித்த வெள்ளம் அது. அன்று பாலிக் புலாவில் என் பாட்டி வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர். சுவரில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

பல்கலைக்கழகப் பயிற்சிக்காக ஆற்று வெள்ளத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம் என நினைத்தேன். நான் எடுத்துக்கொண்டது ஓப்பன்ஃபோம். 2004 முதல் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். ஆற்றைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீரின் வேகத்தையும் அழுத்தத்தையும் அது கணக்கிடும். கட்டங்களுக்குள் எல்லா ஆறுகளுக்கும் ஒரே சமன்பாடுதான். ஓரங்களில் என்ன நடக்கிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். இதுவே எல்லை நிபந்தனை.

மலையிலிருந்து வரும் நீரைக் கொடுத்தேன். ஆற்றின் அடித்தரையில் வேகம் பூஜ்யம் என்றேன். முகத்துவாரத்தில் கடல் மட்டத்தை மாறாத ஓர் எண்ணாக வைத்தேன். எவ்வளவு மழை கொடுத்தாலும் நீர் வடிந்துவிட்டது. கணினி "வெள்ளமில்லை" என்றது. சுவரில் கறை இருந்தது.

பாட்டியிடம் சொன்னேன். "கடல் ஏறியிருந்தால் ஆறு எங்கேப்பா போகும்?" என்று கேட்டார்.

பினாங்குக் கடல் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும். அதற்கேற்ப மாறும் எல்லையைச் சி பிளஸ் பிளஸ் மொழியில் சில வரிகளாக நானே எழுதினேன். முதல் முயற்சியில் கடல் துள்ளிக் குதித்தது! மென்பொருள் நேரத்தை வினாடியில் எண்ணுகிறது. நான் மணிக்கணக்கைக் கொடுத்திருந்தேன். 12.42 என்பதை 44,712 ஆக்கியதும் அடங்கியது. அடுத்த சிக்கல், கடல் உள்ளே புகும்போது நீருக்குப் பதில் காற்று நுழைந்தது. ஓட்டம் திரும்பினால் நீர் மட்டத்துக்குக் கீழே நீர்தான் வர வேண்டும் என்று சேர்த்தேன். மழையே இல்லாமல் ஓட்டி, கொடுத்த ஏற்ற இறக்கம் அப்படியே வருகிறதா என்று சரிபார்த்த பிறகே மழையைத் திறந்தேன்.

அதே மழை, அதே ஆறு. கடல் இறங்கியிருந்தபோது நீர் வடிந்தது. ஏறியிருந்தபோது தேங்கிக் கரை தாண்டியது.

இது எளிமையாக்கிய மாதிரிதான். 2017 வெள்ளத்துக்கு முழு விளக்கம் ஆகாது. ஆனாலும் மென்பொருள் கற்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். திரையில் வரும் வண்ணப்படத்தை நம்பும் முன், ஓரங்களில் என்ன எழுதினீர்கள் என்று பாருங்கள். அங்கே வாழ்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.