சேவையகத்தின் பின்னணிப் பணிகளும் வளப் பொருத்திகளும்

வங்கி வாடிக்கையாளர் ஒருவர் தமது கணக்கின் ஓராண்டு விவரம் முழுவதையும் வலைத்தளத்தின் வாயிலாகக் கேட்கின்றார் எனக் கொள்க. அதனைத் திரட்டிக் கோப்பாக்க இரண்டு நிமிடம் வேண்டும். அத்துணை நேரமும் அவரைத் திரையின் முன் காத்திருக்கச் செய்தல் முறையன்று. வேண்டுகோள் ஏற்கப்பட்டது, விவரம் மின்னஞ்சலில் வரும் என உடனே விடையிறுத்துவிட்டு, பணியைப் பின்னணியில் முடிப்பதே தக்கது. அவ்வாறு விடையிறுத்த பின்னர் அப்பணிக்குப் பொறுப்பாளி யார்? யாவா மொழியிலமைந்த பிரயோகச் சேவையகங்களின் அமைப்பிற் பெரும்பகுதி இவ்வினாவைச் சுற்றியே வளர்ந்தது எனலாம்.

யாவா மொழி, 1995 இல் வெளிவந்த நாள்தொட்டே, ஒரே செய்நிரலினுள் பல வேலைகளை உடனிகழ்வாக நடத்தும் ஆற்றலுடையது. ஒவ்வொரு வேலையையும் நடத்திச் செல்லும் ஓட்டம் இழை எனப்படும். புதிய இழையைத் தோற்றுவிக்க இரண்டொரு வரிகள் போதும். ஆதலின், வாடிக்கையாளருக்கு விடையளித்த கையோடு புதிய இழையொன்றைத் தொடங்கிவிடலாமே என்று இளஞ் செய்நிரலாளர் கருதுவது இயல்பே. ஆயின், யாவா நிறுவனப் பதிப்பில் 'பீன்' எனப்படும் கூறுகளுக்கு வகுக்கப்பட்ட விதி இதனை வெளிப்படையாகத் தடுக்கின்றது.

இத்தடை வெறுஞ் சம்பிரதாயமன்று. வேண்டுகோளை விடுத்தவர் யார், நடைபெறும் கொடுக்கல் வாங்கல் எது, வளங்களின் பெயர்களை எங்கே தேடுவது என்பவற்றையெல்லாம் சேவையகம் தன் இழையோடு பிணைத்து வைத்திருக்கின்றது. தன்னிச்சையாகப் பிறந்த இழை இவற்றை முறைப்படி பெறும் என்பதற்கு உறுதியில்லை. இழை ஒவ்வொன்றும் தன் அடுக்குக்கென ஏறத்தாழ 1 மெகாபைற்று முகவரி வெளியை ஒதுக்கிக் கொள்வது வழக்கம். 1,000 இழைகள் ஏறத்தாழ 1 கிகாபைற்றை ஒதுக்கிவிடும். சேவையகத்தின் கணக்கில் இவை வருவதுமில்லை. பழைய செய்நிரலை அகற்றிப் புதியதை நிறுவிய பின்னும் முன்னைய இழை ஓடிக்கொண்டே நினைவகத்தைப் பற்றியிருப்பதுண்டு. சேவையகம் நிறுத்தப்படும்போதோ, அவ்விழை பாதி வேலையில் அறுந்துபோகக்கூடும். ஏற்கப்பட்டது என்ற விடையைப் பெற்ற வாடிக்கையாளர் வாராத கோப்புக்காகக் காத்திருப்பார். பணி தவறியதைச் சேவையகமும் அறியாது.

இனி, கணக்கு விவரம் பெரும்பாலும் சேவையகத்திலேயே இருப்பதில்லை. 1969 இல் வெளிவந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் சி.ஐ.சி.எஸ். போன்ற பழைய முறைமையொன்றின் பின்னால் அது இருக்கலாம். 5 வகைச் சேவையகங்களை 8 வகை முறைமைகளோடு தனித்தனியே இணைப்பதாயின் 40 இணைப்புகள் வேண்டும். இரு பாலாரும் ஒரே உடன்படிக்கையை ஏற்பின் 13 ஆக்கங்கள் போதும். 2001 இல் முடிவான யாவா இணைப்பி விதி அவ்வுடன்படிக்கையே. அதன்படி ஆக்கப்பட்டு, சேவையகத்தினுள் நிறுவப்படும் கூறே வளப் பொருத்தி. இணைப்புகளைத் திரட்டிவைத்து மீண்டும் மீண்டும் வழங்குதல், கொடுக்கல் வாங்கலை இணைத்தல், பாதுகாப்பு ஆகிய மூன்றும் அதில் வரையறுக்கப்பட்டன.

ஆயினும், அம்முதற் பதிப்பில் வழி ஒன்றே: சேவையகம் வெளியே சென்று கேட்கலாம், வெளி முறைமை உள்ளே வந்து அழைக்க இயலாது. 2003 இல் வந்த 1.5 ஆம் பதிப்பே இக்குறையை நீக்கியது. பொருத்தியைத் தொடக்கும்போது சேவையகம் அதன் கையிற் பணி முகாமையாளர் ஒருவரை ஒப்படைக்கின்றது. பொருத்தி தானே இழைகளைப் படைக்க வேண்டியதில்லை. பணியை முகாமையாளரிடம் மூவகையில் ஒப்புவிக்கலாம். பணி முடியும்வரை காத்திருத்தல் ஒன்று. தொடங்கும்வரை மட்டும் காத்திருத்தல் மற்றொன்று. ஏற்கப்பட்டவுடன் திரும்பிவிடுதல் மூன்றாவது. குறித்த காலத்துள் தொடங்க இயலாத பணியை முகாமையாளர் மறுக்கவும் கூடும். வெளிப்படையான மறுப்பு மௌனமான இழப்பிலும் மேலானது. நிறுத்த வேண்டிய வேளையில் ஒவ்வொரு பணிக்கும் விடுவிப்பு அழைப்பு விடுக்கப்படுகின்றது. ஆயின் அது வேண்டுகோளேயன்றி வலிந்து நிறுத்துவதன்று. அதனைச் செவிமடாத முடிவிலாச் சுழற்சியை எழுதியவர் சேவையகம் நிற்க மறுக்கின்றதே என்று பின்னர் வியத்தல் பொருந்தாது.

இதே பதிப்பு செய்திகள் உள்வரும் வழியையும் வகுத்தது. மேற்கூறிய வங்கியில், வாடிக்கையாளரின் வேண்டுகோள் முதலில் அழியாத செய்தி வரிசையொன்றில் எழுதப்படுகின்றது. அதன் பின்னரே விடை செல்கின்றது. வளப் பொருத்தி அச்செய்தியை எடுத்துச் 'செய்தி பீன்' ஒன்றிடம் சேர்க்கின்றது. கொடுக்கல் வாங்கலினுள் நிகழும் பணி இடையில் முறிந்தால், செய்தி வரிசைக்கு மீண்டு மறுமுறை வழங்கப்படும். இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். அனுப்பிய மின்னஞ்சலைத் திரும்பப் பெற இயலாதாகையால், மறுமுறை வழங்கப்பட்ட செய்தி இரண்டாவது மின்னஞ்சலையும் பிறப்பிக்கக்கூடும். வேண்டுகோளுக்கு எண்ணிட்டு, முடிந்தவற்றைக் குறித்து வைப்பது இவ்விடரைப் பெரிதும் குறைக்கும்.

பொருத்தி எழுதாத சாதாரணச் செய்நிரலாளருக்கு இத்தகைய வசதி பொது விதியாக வரப் பத்தாண்டுகள் சென்றன. 2003 இல் முன்மொழியப்பட்ட உடனிகழ்வுக் கருவிகளின் விதி 2013 இலேயே நிறைவுற்றது. சேவையகம் ஆளும் இழைகள் அதனால் எளிதிற் கிடைத்தன. எனினும், அவற்றிடம் ஒப்புவித்த பணி நினைவகத்திலேயே தங்குவது. மின்சாரம் நின்றால் அதுவும் மறையும். புள்ளிவிவரப் பக்கமொன்றைப் புதுப்பிக்க அது சாலும். ஏற்றுக்கொண்ட வேண்டுகோளுக்குச் சாலாது.

2023 இல் வந்த யாவா 21 ஆம் பதிப்பின் மெய்ந்நிகர் இழைகள், இழைகள் விலைமிக்கன என்ற பழைய காரணத்தைப் பெரிதும் தளர்த்திவிட்டன. ஏனைய காரணங்கள் அவ்வாறே நிற்கின்றன. நிறுவனப் பதிப்பின் வழித்தோன்றலாகிய யகார்த்தாவின் 2025 ஆம் ஆண்டுப் பதிப்பு அவ்விழைகளுக்கு இடமளித்தபோதும், சேவையகம் ஆளும் பணி நிறைவேற்றிகளின் வாயிலாகவே அவற்றை வழங்குகின்றது.