சாறும் தானியமும்

மதுவைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுந்தால் வாசகர் புருவம் நெரிப்பது இயல்பே. அதிலும் டயகமத் தோட்டத்து லயங்களுக்கு நடுவே வாழ்பவன், சம்பள நாளின் மாலைப்பொழுது எத்தகையது என்பதைக் கண்ணாரக் கண்டவன், இப்பொருளை எடுத்தல் தகுமோ என்று நானே பலகாலும் தயங்கினேன். குடியைப் புகழ்வதற்காக இக்கட்டுரை எழவில்லை. நான் குடிப்பவனும் அல்லேன். என் பழைய மாணாக்கன் ஒருவன் எழுதிய கடிதமும், அதற்கு விடை தேடிய வழியில் என் சொந்தக் கல்வியின் குறையொன்றை நான் கண்டுகொண்டதுமே இதற்குக் காரணங்களாம்.

அம்மாணாக்கன் இத்தோட்டத்திற் பிறந்து வளர்ந்தவன். இப்பொழுது இங்கிலாந்திலே தொழில் புரிகின்றான். ஓய்வு நாள்களில் வீட்டிலேயே பியர் காய்ச்சுதல் அவனுக்குப் பொழுதுபோக்கு. அந்நாட்டில் அது குற்றமன்று. 1880இல் கிளாட்ஸ்டன் ஆட்சியில் எழுந்த சட்டம் வீட்டிற் காய்ச்சுவோரும் உரிமச்சீட்டுப் பெறுதல் வேண்டுமென விதித்தது. 1963இல் அத்தேவை நீங்கியது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு ஜிம்மி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம் இத்தொழிலுக்கு வழிதிறந்தது. நம் நாட்டிலோ, 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி உரிமமின்றி மதுவகை ஆக்குதல் இன்றும் குற்றமே. ஆதலின் இதனைப் படிப்போர் செய்து பார்க்க முற்படற்க. அறிந்துகொள்ளுதல் ஒன்றே ஈண்டு நோக்கம்.

பியர் நமது மலைநாட்டுக்குப் புதிய பொருளன்று. 1840களின் இறுதியில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் தொடங்கிய முயற்சியே அங்கிருந்த பியர் ஆலையின் மூலம் என்பர். 1881இல் அது வணிக நிறுவனமாயிற்று. நூறாண்டுக்கு மேல் அக்குளிர்ந்த ஊரிலே நடந்து, 1990களின் பிற்பகுதியிற் பியகமவுக்குப் பெயர்ந்தது. ஆயினும் ஆலையின் மதிலுக்குள்ளே நிகழ்ந்தது யாது என்பதை நம்முள் வினவினார் சிலரே.

நிகழ்வது இதுதான். வாற்கோதுமையை நீரில் ஊறவைத்துச் சில நாள்கள் முளைக்க விடுவர். முளைத்ததும் உலர்த்துவர். உலர்ந்த முளைத்தானியமே மோல்ட் எனப்படுவது. நெஸ்டமோல்ட் அருந்தி வளர்ந்த நம் பிள்ளைகள் அப்பெயரை நன்கறிவர். அதனை உடைத்து வெந்நீரில் ஊறவிட்டால், தானியத்தின் மாப்பொருள் வெல்லமாகி நீரில் இறங்கும். அவ்வினிய நீரை வடித்து, கைப்புச் சுவை தரும் ஹொப்ஸ் பூவைச் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆறியபின் மதுவமிட்டு நொதிக்க விடின் பியராகும்.

வீட்டிற் காய்ச்சுவோர் இதனை இருவழியாகச் செய்வர். முதல்வழி சாற்றுவழி. முளைத்தானியத்தினின்று வெல்லத்தை இறக்கும் வேலையை ஆலையே செய்து, நீரை வற்றச் செய்து, தேன்போன்ற பாகாகவோ தூளாகவோ தகரத்தில் அடைத்து விற்கும். வாங்கியவன் அதனை நீரிற் கரைத்துக் கொதிக்க வைத்தாற் போதும். இருபது லீற்றர் பியருக்கு ஏறத்தாழ மூன்றேகால் கிலோகிராம் பாகு தேவை. இரண்டு மணி நேரத்தில் அடுப்பு வேலை முடிந்துவிடும். சார்லி பபாசியன் என்னும் அமெரிக்கர் 1984இல் வெளியிட்ட நூல் இத்தொழில் பயில்வோர்க்குப் பாடநூல் போன்றது. அவரும் சாற்றில் தொடங்கித் தானியத்துக்கு ஏறும் முறையிலேயே பாடங்களை வகுத்தார்.

மற்றது தானியவழி. நாலரைக் கிலோகிராம் முளைத்தானியத்தைத் தானே உடைத்து, தானே ஊறவைத்து, தானே வடிக்க வேண்டும். முப்பது லீற்றர் கொள்ளும் அண்டா வேண்டும். ஒரு பகற்பொழுது முழுவதும் வேண்டும். செலவு குறையும், உழைப்பு மிகும். நிறமும் சுவையும் செறிவும் காய்ச்சுவோன் கைக்குள் வந்துவிடும். சாற்றில் அவற்றுட் பெரும்பகுதியை ஆலை முன்னரே தீர்மானித்துவிடுகின்றது.

என் மாணாக்கன் மூன்றாண்டுகள் சாற்றுவழியிலே நின்று, சென்ற ஆண்டு தானியவழிக்கு மாறினான். முதல் முயற்சியே பிழைத்தது. நீரமானியை இட்டுப் பார்த்தபோது அது வெறுநீரில் அமிழ்வது போலவே ஆழ்ந்ததாம். பள்ளிக்கூடத்து விஞ்ஞான பாடம் நினைவுக்கு வர, ஒரு துளி எடுத்து அயடீன் இட்டுப் பார்த்தான், கருநீலமாயிற்று. மாப்பொருள் மாறாமல் அப்படியே கிடந்தது. "நல்ல தானியம், நல்ல நீர், நன்றாகக் கொதித்த நீர். என்ன குறை என்று விளங்கவில்லை, சேர்" என்று எழுதிவிட்டு, இத்தொழிற்சொற்களுக்குத் தமிழ் யாது என்றும் கேட்டிருந்தான். முதற்கேள்வியை யாரிடமோ கேட்கவேண்டியவன் என்னிடம் புலம்பினான் என்றே கொண்டேன். இரண்டாவது கேள்வி என்னுடையது. சொற்களைத் தேடிப் பத்துப்பாட்டை எடுத்தேன்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பைச் சொல்லுமிடத்தே, வீட்டில் மது விளைவிக்கும் முறை கூறப்பட்டிருக்கின்றது. நன்கு குற்றித் தீட்டாத அரிசியைத் துழாவிக் களியாகச் சமைப்பர். அக்களிக்குத் துழவை என்று பெயர். அகன்ற வாயுடைய பிழா என்னும் தட்டிலே அதனைப் பரப்பி ஆற்றுவர். புற்றினுள்ளே கிடக்கும் புற்றாஞ்சோற்றை ஒத்த தோற்றமுடைய முளையடையை அதனிற் கலப்பர். அம்முளையை இடித்துச் சேர்ப்பது என்று உரைவகுத்தவர் நச்சினார்க்கினியர். கலந்ததைச் சாடியில் இரு பகலும் இரு இரவும் வைத்து, விளைந்தபின் விரலால் அலைத்து அரிப்பர்.

இவ்விடத்தை நான் முதன்முதலாகப் படித்தது கீழைத்தேயக் கல்லூரியில், பண்டித பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்த காலத்தில். உரையை வரிபிசகாமல் மனனஞ் செய்திருந்தேன். துழவை யாது, பிழா யாது, அடை யாது என்று எவர் வினவினும் விடை ஆயத்தமாயிருந்தது. ஆயின், களியை ஏன் ஆற்றுகின்றார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மதுவைப் பற்றிய இடமென்று விரைந்து கடந்தேன். பின்னர்ப் பிறர்க்குப் பாடஞ் சொன்னபோதும் அவ்வாறே கடந்தேன். இப்பொழுது அம்மாணாக்கனின் கடிதம் மேசைமீது கிடக்க, அவன் பிழையும் அப்பழைய சமையலின் ஒழுங்கும் ஒன்றையொன்று நோக்கின. சமைத்தவர்கள் முளையைக் கொதிக்கும் களியில் இடவில்லை. ஆறிய பின்னரே இட்டார்கள்.

காரணத்தை அறிய எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரை நாடினேன். மாப்பொருளை வெல்லமாக்குவது வெந்நீரன்று. முளைக்கும்போது தானியத்துள் மிகும் அமைலேசு என்னும் நொதியமே. இளஞ்சூட்டில் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். கொதிநீர் பட்டால் அழிந்துவிடும். அறுபத்தைந்து முதல் அறுபத்தெட்டுப் பாகை செல்சியசு வரையில் ஒருமணி நேரம் வைத்திருத்தலே பியர் காய்ச்சுவோர் கொள்ளும் அளவு. அவ்வெல்லைக்குள் சூடு சற்றுக் குறைந்தால் எளிதில் நொதிக்கும் வெல்லம் மிகும்; சற்றுக் கூடினால் நொதியாத வெல்லம் எஞ்சிப் பானம் கனக்கும். சோற்றை நெடுநேரம் மென்றால் வாயில் இனிப்பதும், முளைகட்டிய குரக்கன் மாவிற் காய்ச்சிய கூழ் இளகி நிற்பதும் இந்நொதியத்தின் செயலே என்றும் அவர் விளக்கினார்.

தேயிலை நாட்டவர்க்கு இது புதுமையன்று. கொழுந்தை வாட்டி உருட்டியபின் அது செந்நிறம் பெறுவதும் நொதியம் ஒன்றினால்தான். வேண்டிய நிறம் வந்ததும் உலர்த்தியின் சூட்டில் அந்நொதியத்தை அழித்து நிறுத்துகின்றோம். மோல்ட் செய்வோரோ, முதலில் மெல்லிய சூட்டில் ஈரத்தைப் போக்கி, நொதியம் உயிர்தப்பும்படி உலர்த்துகின்றனர். நாம் அழிக்கும் அதனை அவர்கள் காக்கின்றனர். சூட்டை ஆளத் தெரிதலே இரு தொழிலுக்கும் உயிர்நிலை.

இனி அவன் பிழை விளங்கிற்று. சாற்றைக் கொதிநீரிற் கலந்து பழகிய கை அவனுடையது. சாற்றுவழியில் கொதித்தல் குற்றமன்று. நொதியத்தின் வேலை ஆலையிலேயே முடிந்துவிட்டது. தானியவழியில் அதே பழக்கம் வேலையைத் தொடங்குமுன்னரே கெடுத்துவிடும். முதல்வழியிற் பெற்ற தேர்ச்சியே இரண்டாம் வழியில் இடறுகல்லாயிற்று.

"துழவையை ஆற்று, பின்னர் முளையை இடு. பாட்டில் அப்படித்தான் இருக்கின்றது" என்று அவனுக்கு எழுதினேன். அவன் அடுத்தமுறை பதின்மூன்று லீற்றர் நீரை எழுபத்துமூன்று பாகையளவுக்கே சூடாக்கித் தானியத்தைக் கொட்டித் துழாவினான். தானியத்தின் குளிர்ச்சியால் சூடு அறுபத்தாறுக்கு இறங்கி நின்றது. ஒருமணி நேரங்கழித்து இட்ட அயடீன் நிறம் மாறவில்லை. உமியே வடிகட்டியாக அமைய, இனிய நீர் தெளிந்து இறங்கிற்று. எஞ்சிய இனிப்பைக் கழுவி எடுக்க எழுபத்தைந்து பாகை நீரை மெல்ல ஊற்றினான். அதற்கு மேற்பட்ட சூட்டில் உமியினின்று துவர்ப்பு இறங்கும். தேயிலையை மிகையாக ஊறவிட்டவர் எல்லாரும் அறிந்த துவர்ப்பே அது. நீரமானி 1.044 காட்டிற்று. அவன் எதிர்பார்த்த 1.050க்குச் சற்றுக் குறைவு, உடைத்தது போதவில்லையாம். மிக நுணுக்கி மாவாக்கினாலோ வடிதல் அடைத்துக்கொள்ளுமாம். அக்குறையை எழுதும்போதும் அவன் எழுத்தில் மகிழ்ச்சியே ததும்பிற்று.

அவன் கேட்ட சொற்களையும் அனுப்பினேன். ஊறவைத்துத் துழாவும் கலவை துழவை, முளைத்தானியம் முளை, வடித்தெடுத்தல் அரித்தல், அரித்துப் பெற்றது அரியல். புதிதாக ஒன்றையும் ஆக்கவேண்டியிருக்கவில்லை. ஆனால் கடிதத்தின் இறுதியில் வேறொன்றையும் சேர்த்தேன். அவன் தந்தையார் எவ்வாறு இளமையிலேயே மறைந்தார் என்பதை அவனும் நானும் அறிவோம். அளவை மறவாதே என்று மட்டும் எழுதினேன். "நாலரைக் கிலோ தானியத்தை நாள் முழுதும் நின்று வடித்தவன் அதை வெறிக்காகக் குடிக்கமாட்டான், சேர்" என்று பதில் வந்தது. அது முழு உண்மையாகுமோ என்பது எனக்கு ஐயமே. உழைப்பு ஒருவனைக் குடியினின்று காக்குமாயின், நம் தோட்டங்களில் இத்துணைக் கண்ணீர் ஏன்? ஆயினும் அவன் சொல்லில் ஒரு பாதியேனும் உண்மையாகுக என்று வேண்டிக்கொள்கின்றேன்.

என்னைப் பற்றி எனக்கு ஐயமில்லை. உரை நல்லது, சாறும் நல்லதே. தொடக்கத்தில் அவை இன்றி முடியாது. ஆனால் முப்பதாண்டுகளுக்கு மேலாக நான் பிறர் இறக்கிய சாற்றையே கரைத்துக் கொடுத்து வந்திருக்கின்றேன். தானியம் என் கையிலேயே இருந்தது; அதனை ஊறவைத்துப் பார்க்கவில்லை.

ஞாயிறுதோறும் என்னிடம் பாடங் கேட்க நால்வர் வருகின்றனர். சென்ற மாதம் அப்பகுதியை எடுத்து, உரை சொல்லுமுன், களியை ஏன் ஆற்றினார்கள் என்று கேட்டேன். மூவர் உரையைப் புரட்டினர். நான்காமவளின் தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தியருகே நிற்பவர். அவள் புத்தகத்தைப் பாராமலே, "சூட்டோடு போட்டா முளை செத்துப் போயிரும், சேர்" என்றாள்.