கையெழுத்து போட்டாச்சு, இனி?

புனே கன்டோன்மென்டை ஒட்டிய கோர்படியில் ஒரு பக்கம் ராணுவக் குடியிருப்புகள். இன்னொரு பக்கம் ரயில்வேயின் டீசல் ஷெட். இரண்டு இடங்களிலும் மாற்றல் உத்தரவு சகஜம். பி.டி. கவடே சாலைப் பக்கம் எழும்பிய அடுக்குமாடிகளில் ஃபிளாட் வாங்குவோருக்கு அதுவே தலைவலி. சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொட்டிக் கையெழுத்திட்ட பிறகு மாற்றல் வந்தால்? அல்லது சொன்ன தேதியில் பில்டர் சாவியைக் கொடுக்காவிட்டால்? இரண்டிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியுமா? சட்டம் தரும் பதில்கள் வேறு வேறு.

'செல்லாது' என்ற சொல்லைப் பலரும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. சட்டவிரோத நோக்கம் கொண்டது, மைனர் செய்துகொண்டது, இரு தரப்புமே அடிப்படை உண்மையைத் தவறாகப் புரிந்துகொண்டு செய்தது - இவை பிறக்கும்போதே செத்தவை. கல்கத்தாவில் மைனர் ஒருவர் ரூ. 20,000க்குச் சொத்தை அடமானம் வைத்த வழக்கில் 1903இல் பிரிவி கவுன்சில் அப்படித்தான் தீர்ப்பளித்தது. கடன் கொடுத்தவருக்கு, கொடுத்த பணமும் திரும்பவில்லை.

மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்தின் கதை வேறு. அந்த ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கும். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் முறிக்கலாம், விரும்பினால் தொடரலாம். ஆனால் ஏமாற்று தெரிந்த பிறகும் மௌனமாகத் தவணை கட்டிக்கொண்டிருந்தால் அதுவே சம்மதம் என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

மாற்றல், மார்க்கெட் சரிவு, மனமாற்றம் - எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

பில்டரின் தாமதத்துக்குத்தான் சட்டம் கடுமை காட்டுகிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 18ஆவது பிரிவுப்படி, குறித்த தேதியில் வீடு வராவிட்டால் வாங்கியவர் விலகிக்கொண்டு பணத்தை வட்டியோடு கேட்கலாம். இந்த உரிமைக்கு நிபந்தனையே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் அடித்துச் சொன்னது. எதிர்பாராத சம்பவம், கோர்ட் தடை என்ற சாக்குகள் எடுபடாது.

ஒப்பந்தத்தின் ஷரத்து வேறு மாதிரி இருந்தால்? குர்கான் ஃபிளாட் வழக்கு ஒன்று நல்ல உதாரணம். வாங்கியவர் தவணை தவறினால் 18 சதவீத வட்டி. 30 நாளுக்கு மேல் பாக்கி வைத்தால் ஒதுக்கீடே ரத்தாகும். பில்டர் தவறினாலோ, சலுகைக் காலம் முடிந்தும் 12 மாதம் வாங்கியவர் காத்திருக்க வேண்டும். பிறகு 90 நாள் நோட்டீஸ். பணத்தைத் திருப்பித் தர பில்டருக்கு இன்னும் 90 நாள். அதையும் தாண்டித் தாமதித்தால்தான் வட்டி, அதுவும் 9 சதவீதம். இவ்வளவுக்கும் கீழே வாங்கியவரின் கையெழுத்து இருந்தது! பில்டர் நீட்டிய இடத்தில் போடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை என்றது உச்ச நீதிமன்றம். இத்தகைய ஒருதலைப்பட்சமான ஷரத்துகள் அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்து, பணத்தை 10.7 சதவீத வட்டியோடு தரச் சொன்னது.

வாங்கியவரே மனம் மாறினால் இந்தச் சலுகை இல்லை. ஆனால் முழுசாக இழக்கவும் வேண்டியதில்லை. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கில், விலை சரிந்ததால் விலகியவரிடம் 20 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ள ஒப்பந்தம் அனுமதித்தது. அது ஒருதலைப்பட்சம் என்று 10 சதவீதத்தோடு நிறுத்தியது கோர்ட். மீதிப் பணத்துக்கு வட்டி மட்டும் கிடையாது.

ஒப்பந்தம் போடுவதற்கு முந்தைய கட்டத்திலேயே விலகினால் நஷ்டம் குறைவு. மகாராஷ்டிர ரெரா 2022இல் கொண்டுவந்த மாதிரி ஒதுக்கீட்டுக் கடிதத்தின்படி, 15 நாளுக்குள் ரத்து செய்தால் பிடித்தமே இல்லை. அதன்பின் நாள் ஆக ஆக ஏறினாலும் ஃபிளாட் விலையில் 2 சதவீதத்தைத் தாண்டாது.

பதிவான ஒப்பந்தத்தை முறிக்க வாய்ச்சொல் போதாது. ரத்துப் பத்திரம் எழுதி அதையும் பதிவு செய்ய வேண்டும். பணம் கைக்கு வருமுன் அதில் கையெழுத்திடுவது விஷப் பரீட்சை.