இரைச்சல் எங்கே பிறக்கிறது?

மின்சாரக் கிதாரின் கம்பி அதிரும்போது அதன் அடியிலுள்ள காந்தச் சுருளில் தோன்றும் மின்னழுத்தம் மிகச் சிறியது. பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அதனை, ஸ்பீக்கரை அதிரச் செய்யும் ஆற்றலாகப் பெருக்கித் தருவதே ஆம்ப்ளிபயரின் வேலை. 1947ஆம் ஆண்டில் டிரான்சிஸ்டர் பிறந்தபின், வானொலிப் பெட்டிகளிலிருந்து வால்வுகள் படிப்படியாக விடைபெற்றன. ஆயினும் கிதார் வாசிப்போர் மட்டும் வால்வை விட்டபாடில்லை. அளவு மீறிப் பெருக்கும்போது வால்வு ஒலியலையின் தலையைச் சட்டென்று வெட்டாமல், சற்றே வளைத்து அடக்குகிறது. அந்த ஒலி அவர்கள் செவிக்கு இனிக்கிறது. நம் சங்கத்தின் இசைக்குழு பொங்கல் விழாவில் பயன்படுத்துவதும் அத்தகைய பழைய ஆம்ப்ளிபயர் ஒன்றையே.

இக்கருவிக்கு வரும் நோய்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, வேண்டாத இரைச்சல். மற்றொன்று, வேண்டிய ஒலி குறைந்து போதல். இவற்றைக் கண்டவுடன் வால்வு அனைத்தையும் மாற்றுவோர் பலர். பணம் போகும், இரைச்சல் போகாது. எந்த உறுப்பு கெட்டது என்று கேட்குமுன், எந்த இடத்தில் கெட்டது என்று கேட்க வேண்டும். வயலுக்குக் கலங்கிய நீர் வந்தால், உழவர் வாய்க்கால் வழியே மேலேறிச் சென்று பார்ப்பார் அன்றோ? அம்முறையே இங்கும் பொருந்தும்.

முதலில் வாய்க்காலின் போக்கை அறிவோம். கிதாரின் சிக்னல் கேபிள் வழியே வந்து முதல் சிறு வால்வில் நுழைகிறது. இது பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 வகை. ஐரோப்பியர் இதனையே இசிசி83 என்பர். பிறகு வால்யூம் குமிழைக் கடந்து, மேலும் சில சிறு வால்வுகளில் வளர்ந்து, 6எல்6, இஎல்34 போன்ற பெரிய வால்வுகளை அடைகிறது. அவை டிரான்ஸ்பார்மர் ஒன்றின் வழியாக ஸ்பீக்கரை இயக்குகின்றன. இவை யாவற்றுக்கும் மின்சாரம் ஊட்டும் பகுதி தனியே உள்ளது. அது 230 வோல்ட் மாறுமின்சாரத்தை உயர்த்தி, நேர்மின்சாரமாக்கி, பெரிய கண்டென்சர்களால் அலைவை அடக்கி, ஏறத்தாழ 300 முதல் 450 வோல்ட் வரை தருகிறது.

இனிச் சோதனைக்கு வருவோம். முதற்படியில் பெட்டியைத் திறக்கவே வேண்டுவதில்லை. கிதாரின் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். இரைச்சல் நின்றால் ஆம்ப்ளிபயர் குற்றமற்றது; கிதாரோ, கேபிளோ, அறையோதான் காரணம். கேபிளை மாற்றிப் பாருங்கள். பின்னர்க் கிதாருடன் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். திசைக்கேற்ப ரீங்காரம் கூடிக் குறைந்தால், சுற்றியுள்ள மின்கருவிகளின் காந்தப்புலத்தைக் கிதாரின் சுருள் கவர்கிறது என்பது தெளிவு. சோக் வைத்த டியூப்லைட்டும், மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரும் இதில் பேர்போனவை. இத்தொல்லையை நீக்கவே, 1955இல் அமெரிக்காவின் செத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தார். வெளியிலிருந்து வரும் ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, கம்பியின் ஒலி மட்டும் கூடி நிற்கும்.

கேபிளைப் பிடுங்கிய பிறகும் இரைச்சல் இருந்தால், வால்யூம் குமிழைச் சுழியத்துக்குத் திருப்புங்கள். இரைச்சல் மறைந்தால் அது குமிழுக்கு முன்னே, முதல் வால்வின் பகுதியில் பிறக்கிறது. மறையாவிடில் குமிழுக்குப் பின்னே, அல்லது மின்சாரம் ஊட்டும் பகுதியில் பிறக்கிறது. ஒரு குமிழைத் திருப்பியதாலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது!

அடுத்து, இரைச்சலின் சுருதியைக் கேளுங்கள். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. நேர்மின்சாரமாக மாறும்போது எஞ்சி நிற்கும் அலைவு 100 முறை. கிதாரின் மிகத் தடித்த கம்பியை மூன்றாம் கட்டையில் அழுத்தி மீட்டினால் எழும் சுரம் 98 அதிர்வுடையது. ரீங்காரம் ஏறக்குறைய அச்சுருதியில் இருந்தால், அலைவை அடக்கும் கண்டென்சர்கள் முதுமையால் உள்ளே உலர்ந்துவிட்டன என்று ஐயுறலாம். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலித்தால், வால்வின் இழையைச் சூடாக்கும் 6.3 வோல்ட் மாறுமின்சாரக் கம்பியையோ, எர்த் இணைப்பையோ ஆராய வேண்டும். அமெரிக்க நூல்களில் இவ்வெண்கள் 60, 120 என்றிருக்கும்; அங்கு மின்சாரம் 60 முறை அலைவதே காரணம்.

ரீங்காரம் இன்றிச் 'சுர்ர்', 'படபட' என்னும் ஓசை எழுந்தால், சிறு வால்வின் தகட்டோடு இணைந்த பழைய கார்பன் மின்தடையோ, வால்வோ, அதன் ஊசிகளோ காரணமாகலாம். கருவி இயங்கும்போது ஒவ்வொரு சிறு வால்வையும் மரப் பென்சிலால் மெதுவாகத் தட்டுங்கள். ஏதேனும் ஒன்று மணிபோல் ஒலித்தால் அதன் உள்ளுறுப்புகள் தளர்ந்துள்ளன. குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் பெரும்பாலும் தூசியே காரணம்.

ஒலி குறையும் நோய்க்கு வருவோம். இங்கே பௌதிகம் ஓர் உண்மையை உணர்த்துகிறது. 50 வாட் ஆற்றல் 25 வாட்டாகக் குறைந்தாலும் வேறுபாடு 3 டெசிபல்தான். நம் செவிக்கு அது சிறு மாற்றமே. ஒலி பாதியாகக் குறைந்ததாகத் தோன்ற, ஆற்றல் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாக வேண்டும். ஆகவே ஒலி மிகவும் தேய்ந்துவிட்டால், பெரிய வால்வுகளின் முதுமையை மட்டும் குறைகூறாமல், சிக்னல் எங்கே தடைபடுகிறது என்று தேட வேண்டும். பெட்டியின் பின்புறம் 'சென்ட்', 'ரிட்டர்ன்' என இரு துளைகள் இருப்பின், அவற்றைச் சிறு கேபிளால் இணைத்துப் பாருங்கள். ஒலி மீண்டால் துளையின் உள்தொடர்பு களிம்பேறியுள்ளது, துடைத்தாலே போதும். ஒலி சற்றே குறைந்து, கூடவே ரீங்காரமும் பெருகினால், இணையாக உழைக்கும் இரு பெரிய வால்வுகளில் ஒன்று ஓய்ந்திருக்கக் கூடும். இரண்டும் சமமாக உழைக்கும்போது மின்சாரத்தின் அலைவு டிரான்ஸ்பார்மரில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; ஒன்று நின்றால் அச்சமநிலை குலைகிறது. பெரிய வால்வின் தகடு செக்கச்சிவக்கக் கண்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிபயரை ஒருபோதும் இயக்காதீர்கள், டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகலாம்.

இதற்கு மேல் பெட்டியைத் திறந்தாக வேண்டும். மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் 400 வோல்ட் தங்கியிருக்கலாம். அது உயிரைப் பறிக்கவும் வல்லது. ஏற்ற மின்தடை ஒன்றின் வழியாக அதனை வடித்து, மல்டிமீட்டரால் அளந்து உறுதி செய்தபின்னரே கை வைக்க வேண்டும். இதில் பழக்கமில்லாதவர், மேற்கண்ட சோதனைகளின் முடிவைத் தாளில் எழுதி, அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுப்பதே அறிவுடைமை. "இரைகிறது" என்று சொல்வதினும், "வால்யூமைக் குறைத்தாலும் 100 அதிர்வு ரீங்காரம் நிற்கவில்லை" என்று சொல்வது அவருடைய உழைப்பையும் நம் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

ஒன்றை மட்டும் யாரும் மறத்தலாகாது. நம் சங்கத்தின் ஆம்ப்ளிபயர் சென்ற ஆண்டு ஒரு கடையிலிருந்து பழுது நீங்கி வந்தது. ரீங்காரம் முற்றிலும் ஓய்ந்திருந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது எர்த் கம்பி வெட்டப்பட்டிருந்தது! இரு கருவிகள் வெவ்வேறு இடங்களில் எர்த் பெறும்போது, அவற்றை இணைக்கும் கேபிளின் உறை வழியே மின்னோட்டம் சுழன்று ரீங்காரம் எழுவதுண்டு. எர்த்தை வெட்டினால் அது நிற்பதும் உண்மையே. ஆனால் கிதாரின் கம்பிகள் கேபிளின் உறை வழியாக ஆம்ப்ளிபயரின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத நிலையில் உள்ளே காப்பு கெட்டால், கம்பிகளில் 230 வோல்ட் நிற்கும். வாசிப்பவர் அதே வேளையில் மைக்கைத் தொட்டால், மின்சாரம் மார்பின் ஊடே பாயும். இரு கருவிகளையும் ஒரே பிளக் பலகையிலிருந்து இயக்கினால் அந்த ரீங்காரம் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்காக எர்த்தை வெட்ட வேண்டிய தேவையே இல்லை.

ஆகவே நண்பர்களே, அடுத்த நிகழ்ச்சிக்கு முன் சுருதி சேர்ப்பதற்கும் முந்திய வேலை ஒன்றுண்டு. பிளக்கின் மூன்றாம் முனையில் கம்பி உள்ளதா, அரங்கின் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று, அளக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு சோதித்துவிடுங்கள். சிறிது இரைச்சலோடு ஒரு நிகழ்ச்சி நடந்தால் குடி முழுகிவிடாது.