ரயில்வே வேலை இருந்தால் வெளிநாட்டு கிளப்புக்கு ஆட முடியாதா?

ஸ்போர்ட்ஸ் கோட்டா விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கும்போதெல்லாம் ஆசிரியர் மேசைக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மறையூர், குமுளி என்று எல்லையோரத்திலிருந்து, கூடைப்பந்து ஆடும் பெண்களைப் பெற்றவர்கள் எழுதுகிறார்கள். இந்த முறை பலரும் கேட்டிருப்பது ஒன்றைத்தான்: தெற்கு ரயில்வேயில் சேர்ந்துவிட்டால் அப்புறம் வெளிநாட்டு கிளப்புக்கு ஆடவே முடியாதா? கிளியரன்ஸ் லெட்டரை டெல்லியில் பிடித்து வைத்துக்கொள்வார்களாமே என்று ஒரு வதந்தியும் கூடவே வருகிறது. “அமெரிக்கப் பெண்கள் மட்டும் நாடு நாடாகப் போய் ஆடுகிறார்களே, அவர்களுக்கு என்ஓசி கொடுப்பது யார்?” என்று ஒரு தகப்பனார் கேட்டிருந்தார். அவர் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அரசு அதிகாரி யாரும் கொடுப்பதில்லை. அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. 1997-இல் ஆடத் தொடங்கியது. சீசன் கோடையில் ஆரம்பித்து அக்டோபர் வாக்கில் முடிந்துவிடும். மிச்ச மாதங்களில் ரஷ்யா, துருக்கி, சீனா, ஆஸ்திரேலியா என்று போய் ஆடுவார்கள். காரணம் பணம். 2020-இல் போட்ட புதிய ஒப்பந்தத்தில்கூட அந்த ஆண்டின் உச்ச அடிப்படைச் சம்பளம் 2,15,000 டாலர்தான். ரஷ்யாவின் எகாடெரின்பர்க் கிளப் அதைப்போலப் பல மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தது. 2015-இல் டயானா டோராசிக்கு நடந்ததைச் சொன்னால் விஷயம் விளங்கும். அமெரிக்காவில் அவர் ஆடிய ஃபீனிக்ஸ் அணியில் அவருக்குச் சுமார் 1.07 லட்சம் டாலர். எகாடெரின்பர்க்கில் சுமார் 15 லட்சம். குளிர்காலத்தில் எங்களுக்குக் களைப்பில்லாமல் ஆட வேண்டும், கோடையில் ஓய்வெடுங்கள் என்று அந்த கிளப் கேட்டுக்கொண்டது. அவரும் அந்த ஆண்டு அமெரிக்க சீசனுக்கே வரவில்லை. ஃபீனிக்ஸ் சம்பள இழப்பையும் ரஷ்யர்களே ஈடுகட்டினார்கள். ஆடாமல் இருப்பதற்குக் கூலி!

லீக் இதைச் சும்மா விடவில்லை. 2020 ஒப்பந்தத்தில் ‘முன்னுரிமை’ என்று நாகரிகமாகப் பெயர் வைத்து ஒரு விதியைச் சேர்த்தது. 2023-இல் அது அமலுக்கு வந்தது: அனுபவமுள்ள வீராங்கனை பயிற்சி முகாமுக்குத் தாமதமாக வந்தால் நாளுக்குச் சம்பளத்தில் 1 சதவீதம் அபராதம். 2024 முதல் சீசன் முழுவதுக்கும் இடைநீக்கம். இதற்கிடையே 2022 பிப்ரவரியில், அதே எகாடெரின்பர்க்குக்கு ஆடப் போன பிரிட்னி கிரைனர் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதாகி டிசம்பரில்தான் வீடு திரும்பினார். ஆக, அங்கே இழுபறி கிளப்புக்கும் லீக்குக்கும் நடுவில்தான். அரசாங்கக் கோப்பு எதுவும் குறுக்கே வருவதில்லை.

இனி நம் பக்கம். கோட்டயம் மாவட்டத்துக்காரர் கீது அன்னா ஜோஸ். சங்ஙனாசேரி அசம்ப்ஷன் கல்லூரியில் படித்தவர், 6 அடி 2 அங்குலம், இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர், 2014-இல் அர்ஜுனா விருது வாங்கியவர். தெற்கு ரயில்வே ஊழியராக இருந்துகொண்டே 2006 முதல் 2008 வரை மெல்போர்னின் ரிங்வுட் அணிக்கு ஆடினார். 2011-இல் சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்கும் போய் வந்தார். இடம் கிடைக்கவில்லை. ரிங்வுட் ஆடிய பிக் வி என்பது விக்டோரியா மாநில அளவிலான லீக். ஆஸ்திரேலியாவின் முதல்தர லீக் வேறு. ‘வெளிநாட்டில் தொழில்முறை ஆட்டம்’ என்று வாழ்த்து மேடைகளில் சொல்லும்போது இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை. ஆனாலும் ரயில்வே வேலையோடு வெளிநாட்டு கிளப் ஆட்டம் நடக்காத காரியம் இல்லை என்பதற்கு அவரே சாட்சி. பிக் வி நடப்பது அங்கத்திய குளிர்காலத்தில், அதாவது நம்முடைய ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வாக்கில். நம் தேசிய சாம்பியன்ஷிப்போடு பெரும்பாலும் மோதாது. அந்த வசதியும் அவருக்கு இருந்தது.

அப்படியானால் முட்டுக்கட்டை எங்கே? கடிதம் எழுதியவர்கள் சந்தேகிக்கும் கிளியரன்ஸ் லெட்டரில் இல்லை. உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதி இதில் மிகவும் தெளிவு. ஒரு நாட்டில் ஆடியவர் இன்னொரு நாட்டு கிளப்புக்குப் போனால் பழைய நாட்டின் சம்மேளனம் அந்தக் கடிதம் தர வேண்டும். கேட்பது வீராங்கனை அல்ல, புதிய நாட்டின் சம்மேளனம். ஏழு நாளுக்குள் பதில் போக வேண்டும். மறுக்க ஒரே ஒரு காரணம்தான் அனுமதி: அவருக்குப் பழைய கிளப்போடு அந்தத் தேதியைத் தாண்டியும் ஒப்பந்தம் இருக்கிறது என்பது. ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்பதெல்லாம் செல்லாது.

முடிச்சு விழுவது வேலை கொடுத்தவரின் நடத்தை விதிகளில். 1966-இல் வந்த ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளில் 15-ஆம் விதியை எடுத்துப் பாருங்கள். மற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கான விதிகளிலும் இதே எண்ணில் இதே சங்கதிதான். முன் அனுமதி இல்லாமல் வேறு வேலையோ தொழிலோ பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அனுமதி தேவைப்படாதவை என்று ஒரு சிறு பட்டியல் தருகிறது. சம்பளம் வாங்காமல் செய்யும் சமூகப் பணி, எப்போதாவது கதை கட்டுரை எழுதுவது, கூடவே விளையாட்டில் அமெச்சூராகக் கலந்துகொள்வது. ‘அமெச்சூராக’ என்ற நிபந்தனையோடுதான் விளையாட்டுக்கே அங்கே இடம். கிளப் காசு கொடுத்த கணத்தில் அது ‘வேறு வேலை’ ஆகிறது. மேலிடத்தின் முன் அனுமதி தேவை. கூடைப்பந்து உலகம் இந்த அமெச்சூர் - தொழில்முறைக் கோட்டை 1989-லேயே அழித்துவிட்டது. நம் விதிப்புத்தகத்தில் மட்டும் கோடு அப்படியே கிடக்கிறது. இதில் கசப்பான வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெண்ணை வேலைக்கு எடுத்ததே ஆட்டத்துக்காகத்தான். டிக்கெட் கவுன்டரில் உட்கார அவருக்கு யாரும் ஸ்போர்ட்ஸ் கோட்டா கொடுக்கவில்லை.

லீவு போட்டுவிட்டுப் போனால்? விடுப்பில் இருக்கும்போதும் முன் அனுமதி இல்லாமல் வேறு வேலை பார்க்கக் கூடாது என்று விடுப்பு விதிகள் தனியாகச் சொல்கின்றன. வீரர்களுக்கென்று உள்ள சிறப்புத் தற்செயல் விடுப்பு, சம்மேளனம் தேர்ந்தெடுத்து அனுப்பும் தேசிய, சர்வதேசப் போட்டிகளுக்கானது. மெல்போர்ன் கிளப்பின் சனிக்கிழமை மாட்ச் அந்தக் கணக்கில் வராது. மிஞ்சுவது மேலதிகாரியின் மனசு. ஃபிபா ஏழு நாள் கெடு வைத்தது. 15-ஆம் விதியில் நாள் கணக்கே கிடையாது. ‘உரிய அனுமதி பெற்றுச் செல்லலாம்’ என்று அதிகாரிகள் பேட்டியில் சொல்வது பொய்யல்ல. கோப்பு திரும்பி வருவதற்குள் சீசன் முடிந்துவிடலாம் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

இங்கே கேரளம் தனக்குத் தெரியாமலே ஒரு கெட்டிக்கார வேலை செய்து வைத்திருக்கிறது. கே.எஸ்.ஆர். எனப்படும் கேரளப் பணி விதிகளில் பிற்சேர்க்கை 12ஏ. வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ வேறு வேலை பார்க்கவே சம்பளமில்லா விடுப்பு கொடுக்கும் ஏற்பாடு அது. இடுக்கி, கோட்டயம் பக்கம் நர்ஸ் இருக்கிற வீடுகளில் ‘எல்.டபிள்யூ.ஏ.’ என்றால் விளக்கம் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரி வேலையை விடாமல் வளைகுடாவுக்குப் போய் வந்தது அதை வைத்துத்தான். ஒரு காலத்தில் 20 ஆண்டுகள் வரை கிடைத்தது; 2020-இல் மொத்தப் பணிக்காலத்துக்கும் 5 ஆண்டு என்று சுருக்கிவிட்டார்கள். அந்தக் காலம் ஊதிய உயர்வுக்குச் சேராது. ஆனால் கூடைப்பந்துக்காரிக்கு 20 ஆண்டு எதற்கு? ஐந்து சீசன் போதும், முழங்கால் அதற்கு மேல் தாங்குவதே அபூர்வம். வளைகுடா நர்ஸை மனதில் வைத்து எழுதிய பக்கம், ஆட்டக்காரிக்கும் பொருந்தும்போல இருக்கிறது. அதே வீட்டுப் பெண், வேலை கொடுத்தது பாலக்காட்டு ரயில்வே கோட்டமா, மாநில அரசுத் துறையா என்பதைப் பொறுத்து இரண்டு வேறு உலகங்களில் இருக்கிறார். பெண்கள் கூடைப்பந்தில் பெயர் பெற்ற கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி. இப்போது ஒரு கம்பெனி. அங்கே சேர்வதற்கு முன் அவர்களுடைய விடுப்பு உத்தரவைத் தனியாகக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

மற்ற கேள்விகள்.

பதினெட்டு வயது ஆகவில்லை, வெளிநாட்டு கிளப்பில் சேரலாமா? சிறப்பு நேர்வுகள் தவிர, ஃபிபா அனுமதிக்காது.

அமெரிக்கக் கல்லூரி ஸ்காலர்ஷிப்? பெங்களூரின் சஞ்சனா ரமேஷ் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு ஆடினார்; வேலையில் சேர்வதற்கு முன்னால் யோசிக்க வேண்டிய வழி இது.

அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால்? இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. இந்திய அணி போய்விடும். அமெரிக்கரான பெக்கி ஹேமன் 2008 ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கு ஆடியது வேறு சட்டம்.

ரயில்வே கோட்டாவுக்கு வயது? 18 முதல் 25. எந்தப் பிரிவுக்கும் தளர்வு இல்லை.

அனுமதியை எப்போது கேட்பது? கிளப்பின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், எழுத்தில், தேதியிட்ட ரசீதோடு.