மருந்தளிக்கும் கை
முதியோர் இல்லங்களில் மருத்துவர் எழுதித்தரும் மருந்தை நாள்தோறும் முதியவருக்கு அளிப்பவர் பெரும்பாலும் பராமரிப்பு உதவியாளரே. சரியான ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் ஆகிய ஐந்தையும் அவர் ஒவ்வொரு முறையும் மருந்துச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

முடக்குவாதத்திற்குரிய மீத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ளத்தக்கது. அதனை நாள்தோறும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உருவாவது குன்றி, உயிருக்கே ஊறு நேரலாம். மெல்லக் கரையுமாறு செய்யப்பட்ட மாத்திரையை, விழுங்குவதற்கு எளிதாகும் எனக் கருதிப் பொடித்துக் கொடுத்தால், நாள் முழுமைக்கும் உரிய மருந்து ஒரே வேளையில் உடலில் கலந்துவிடும். கொடுத்தவுடன் பதிவேட்டில் குறிக்கத் தவறினால், அடுத்துப் பணிக்கு வருபவர் அதே மருந்தை மீண்டும் கொடுத்துவிடக்கூடும்.

ஐயம் எழுந்தால் ஊகித்துக் கொடுக்காமல், செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டுத் தெளிதல் வேண்டும். அவ்வாறு கேட்கும் ஒரு வினா ஓர் உயிரைக் காக்கும்.